எண்ணம், இலக்கு, அன்றாட வேலை: மூன்றையும் இணைக்கும் சொந்த முறையை அமைப்பது எப்படி?

குறிப்பு எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வருடத் தொடக்கத்தில் இலக்கு எழுதுகிறவர்களும் நிறையப் பேர். காலையில் எழுந்ததும் இன்றைக்கு முடிக்க வேண்டியவை என்று பட்டியல் போடுவதும் சகஜம். ஆனால் இந்த மூன்றும் மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் கிடக்கின்றன. மார்ச் மாதம் இலக்குப் பக்கத்தைத் திறந்தால், முந்தைய இரண்டு மாதங்களில் டிக் அடித்த வேலைகளில் அதற்காகச் செய்தது ஒன்றுகூட இருக்காது. நோட்டில் அருமையான யோசனைகள் இருக்கும். அவற்றில் எதுவும் வேலையாக மாறியிருக்காது.

இதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்வது வீண். இலக்கிலிருந்து இன்றைய வேலைக்கு இறங்கிவர வழி போடவில்லை. வேலையில் கற்றது குறிப்புக்குத் திரும்பிப் போகவும் வழி இல்லை. அந்த வழிகளைப் போடுவதுதான் இங்கே விஷயம். எந்த ஆப் நல்லது என்ற கேள்விக்கு இதில் கால்வாசி இடம்கூடக் கிடையாது.

முதலில் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்றை இணைக்க வேண்டுமென்றால் நான்காவதாக ஒன்று நடுவில் தேவை. நான்கையும் அடையாளம் காண்பது இப்படி:

எண்ணம் என்பது முடிவோ தேதியோ இல்லாதது. 'மேகமூட்டமான நாளில் நிழல் ஏன் மென்மையாக விழுகிறது' என்பது எண்ணம். அதைச் 'செய்து முடிக்க' முடியாது.

இலக்கு என்பது ஒரு தேதிக்குள் அடைய வேண்டிய நிலை. அதையும் நேரடியாகச் செய்ய முடியாது. எத்தனையோ வேலைகள் சேர்ந்து அந்த நிலையைக் கொண்டுவரும்.

ப்ராஜெக்ட் என்பது 2 முதல் 6 வாரத்தில் முடியக்கூடிய, பல வேலைகள் அடங்கிய ஒரு துண்டு. முடிந்ததா இல்லையா என்று மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வேலை என்பது ஒரே அமர்வில், 15 முதல் 90 நிமிடத்துக்குள், வேறு எதற்கும் காத்திராமல் செய்து முடிக்கக்கூடியது.

பெரும்பாலான முறைகளில் காணாமல் போயிருப்பது ப்ராஜெக்ட். அது இல்லாததால்தான் 'மின்னூல் எழுதுவது' என்ற வரி அன்றாடப் பட்டியலில் ஏறி, மாதக்கணக்கில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. வேலை வேஷம் போட்ட இலக்கு அது. பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி தருமே தவிர, எங்கே கைவைப்பது என்று சொல்லாது.

இங்கே ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்வோம்: புகைப்படம் எடுக்கப் புதிதாகக் கற்பவர்களுக்கு, வெளிச்சத்தைப் பற்றி ஒரு சின்ன மின்னூல். உங்கள் விஷயம் உடற்பயிற்சியாக இருந்தாலும் தேர்வாக இருந்தாலும் கட்டமைப்பு மாறாது.

என்னென்ன வேண்டும்

சட்டென்று எழுதிவைக்க ஓர் இடம், குறிப்புகளைச் சேர்த்துவைக்க ஓர் இடம், ப்ராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒரு காலண்டர். அவ்வளவுதான்.

காகிதத்தில் செய்வதானால் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நோட்டு ஒன்று, ப்ராஜெக்ட்களுக்கு ஏ5 அளவில் 200 பக்க நோட்டு ஒன்று, குறிப்புகளுக்குக் கெட்டி அட்டைகள். கம்ப்யூட்டரில் என்றால் எளிய டெக்ஸ்ட் ஃபைல்களே போதும். ஆப்சிடியன் என்ற குறிப்பு ஆப் உங்கள் குறிப்புகளை உங்கள் சாதனத்திலேயே மார்க்டவுன் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவ ஃபைல்களாக வைக்கிறது. நாளைக்கே அந்த ஆப் மறைந்தாலும் எழுத்து கையில் இருக்கும். நோஷன் என்ற இன்னொரு ஆப் குறிப்புகளை அந்த நிறுவனத்தின் சர்வரில் வைக்கிறது. அட்டவணை போடுவதற்கு வசதி, ஆனால் அவ்வப்போது ஏற்றுமதி செய்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிப் போடுவதற்கு மட்டும் கூகுள் கீப் போன்ற எதுவும் சரி. தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்: 5 விநாடிக்குள் திறக்கிறதா, தேடினால் கிடைக்கிறதா, மொத்தத்தையும் வெளியே எடுக்க முடிகிறதா?

ஃபோல்டர்கள் ஐந்து: '0 இன்பாக்ஸ்', '1 ப்ராஜெக்ட்கள்', '2 குறிப்புகள்', '3 இலக்குகள்', '9 முடிந்தவை'. முன்னால் எண் போட்டால் வரிசை குலையாது. தேதி எழுதும்போது 2026-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள்; பெயர்ப்படி அடுக்கும்போது தானாகவே காலவரிசையில் நிற்கும்.

தமிழில் குறிப்பு வைப்பவர்களுக்குத் தேடலில் ஒரு சூட்சுமம். 'வெளிச்சம்' என்று தேடினால் 'வெளிச்சத்தை', 'வெளிச்சத்தில்' என்று எழுதிய இடங்கள் பெரும்பாலான ஆப்களில் அகப்படாது. 'வெளிச்ச' என்று வால் வெட்டித் தேடுங்கள், எல்லாம் வரும். ('இலக்கு' என்ற சொல்லுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது, இலக்கணமும் இலக்கியமும் சேர்ந்து வந்து நிற்கும்.) அதேபோல் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் 'புகைப்படம்', மறுநாள் 'ஃபோட்டோ' என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துப் பாதிக் குறிப்புகள் கண்ணில் படாது. இன்பாக்ஸில் 'சொற்கள்' என்று ஒரு ஃபைல் வைத்து, தேர்ந்தெடுத்த சொல்லை அதில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

படி 1: வந்ததை எழுதிவைப்பது

மனம் ஒரே சமயத்தில் ஏந்திக்கொள்ளும் விஷயங்கள் சுமார் நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அதற்கு மேல் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளிவிடும். ஆகவே எண்ணம் வந்த மாத்திரத்தில் இன்பாக்ஸில் எழுதிவிட வேண்டும். வகை பிரிப்பது, அழகுபடுத்துவது எல்லாம் பிறகு. எழுதும் இடங்கள் இரண்டைத் தாண்டக் கூடாது. மொபைலில் ஒன்று, மேஜையில் ஒன்று. தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்புவது, மின்னஞ்சலில் நட்சத்திரம் போடுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என்று ஆறு வாசல் திறந்தால் ஆறையும் தினமும் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும், பார்க்க மாட்டீர்கள்.

எழுதும்போது, மூன்று நாள் கழித்துப் படித்தாலும் புரியும் அளவுக்கு எழுதுங்கள். 'ஜன்னல் வெளிச்சம்' என்று இரண்டு சொல் எழுதினால் போச்சு. 'ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வைத்தால் தோலின் சொரசொரப்பு தெரிகிறது, மேகமூட்டமான நாளில் தெரியவில்லை, ஏன்?' என்று ஒரு முழு வாக்கியம் எழுத 20 விநாடி கூடுதலாகப் பிடிக்கும். அந்த 20 விநாடிதான் குறிப்பைக் காப்பாற்றுகிறது.

எழுதியதோடு மனம் அடங்கிவிடுமா என்றால், முழுதாக இல்லை. முடிக்காத இலக்குகள் வேறு வேலையின் நடுவே மனத்தில் குறுக்கிடுவதை உளவியலாளர்கள் மாசிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் 2011-ல் ஆராய்ந்தார்கள். குறிப்பிட்ட ஒரு திட்டம் எழுதியவர்களுக்கு, வேலையே தொடங்காதபோதும், அந்தக் குறுக்கீடு விலகியது. அதாவது, எழுதிவைப்பது பாதிதான். எப்போது, எங்கே கவனிப்போம் என்ற முடிவு மீதிப் பாதி.

அதற்குத்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் ஒதுக்கி இன்பாக்ஸைக் காலி செய்வது. ஒவ்வொரு வரியையும் மேலிருந்து எடுத்து, நான்கில் எது என்று கேளுங்கள். எண்ணமா, குறிப்புகளுக்கு. வேலையா, அந்த ப்ராஜெக்ட்டின் பக்கத்துக்கு. புதிய ப்ராஜெக்ட்டா, இப்போதைக்குத் தொடங்காமல் காத்திருப்பவை அடங்கிய 'பிறகு' பட்டியலுக்கு. இரண்டு நிமிடத்தில் முடிவதா, அங்கேயே முடித்துவிடுங்கள். எதுவுமில்லையா, அழியுங்கள். தயக்கமில்லாமல் அழிப்பது முக்கியம். இன்பாக்ஸில் பாதி குப்பையாக இருப்பது, நீங்கள் தாராளமாக எழுதுகிறீர்கள் என்பதற்கு அறிகுறி.

படி 2: எண்ணத்தைக் குறிப்பாக மாற்றுவது

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் 1950-களில் தொடங்கி, சுமார் 90,000 அட்டைகளில் குறிப்பு எழுதிச் சேர்த்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அதிலிருந்து கிளைத்தன. அவர் அட்டைகளைத் தலைப்புவாரியாக அடுக்கவில்லை. 57/12 என்ற அட்டைக்கு நேர்த்தொடர்ச்சி 57/13. 57/12-ல் இருக்கும் ஒரு சொல்லிலிருந்து வேறு பக்கம் கிளைத்தால் 57/12ஏ. புதிய அட்டை எந்தத் தலைப்புக்குக் கீழ் வரும் என்று யோசிப்பதற்குப் பதிலாக, எந்த அட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் என்று யோசித்தார். கம்ப்யூட்டரில் எண் போட வேண்டியதில்லை, லிங்க் போதும். கேள்வி மட்டும் அதேதான்.

ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதைவிடக் காட்டிவிடலாம்:

> வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால் நிழலின் விளிம்பு மென்மையாகும்
> 2026-03-14
> மேகமூட்டமான நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. அதனால் மூக்கின் நிழல் கன்னத்தில் கூர்மையாக விழுவதில்லை. ஜன்னலும் அப்படித்தான். ஆள் ஜன்னலுக்குக் கிட்டே வர வர, அவர் இருக்கும் இடத்திலிருந்து ஜன்னல் பெரிதாகிறது, நிழல் மென்மையாகிறது.
> தொடர்பு: 'பக்கவாட்டு வெளிச்சம் சொரசொரப்பைக் காட்டும்' (இது அதற்கு ஒரு வரம்பு: வெளிச்சம் மென்மையானால் சொரசொரப்பு குறையும்)
> பயன்படும் இடம்: மின்2
> கேள்வி: வெள்ளைத் திரைச்சீலை போட்டால் எவ்வளவு மாறும்?

இதில் கவனிக்க வேண்டியவை சில. தலைப்பு ஒரு முழு வாக்கியம். ஆம், இல்லை என்று வாதாடக்கூடிய ஒரு கூற்று. 'வெளிச்சம் பற்றி' என்று தலைப்பு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துதான் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பில் ஒரே எண்ணம். 60 முதல் 150 சொற்கள். அதைத் தாண்டினால் அநேகமாக இரண்டு எண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெறும் லிங்க் மட்டும் போடாமல், அடைப்புக்குறிக்குள் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. காரணம் எழுத வராத லிங்க் தேவையில்லாத லிங்க்.

எல்லாவற்றையும்விட முக்கியம், 'பயன்படும் இடம்' என்ற வரி. எண்ணத்துக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள பாலம் இந்த ஒரு வரிதான். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் ஒன்றின் குறியீட்டை அங்கே எழுதுங்கள் (மேலே உள்ள 'மின்2' மின்னூலின் இரண்டாம் அத்தியாயத்தைக் குறிக்கிறது). பொருந்தும் ப்ராஜெக்ட் இல்லையென்றால் 'இப்போதைக்கு இல்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரியைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் யோசிக்கவில்லை என்று பொருள்.

'கேள்வி' என்ற வரி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. திரைச்சீலை பற்றிய கேள்வி அப்படியே ஒரு வேலையாகிறது: 'சனி காலை 9: திரைச்சீலையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, இரண்டு படம் எடுப்பது. மின்2.' படம் எடுத்ததும் விடை குறிப்புக்குத் திரும்பும், அந்தப் படங்கள் மின்னூலுக்கும் போகும்.

படித்ததில் கோடு போட்டதையெல்லாம் அப்படியே வெட்டி ஒட்டுவது குறிப்பு எடுப்பதாகாது. அது சேகரிப்பு. சொந்த வார்த்தையில் எழுதினால்தான் எது புரியவில்லை என்று தெரியவரும். டேக்குகளை, அதாவது குறிப்புகளில் ஒட்டும் வகைப்பெயர்களை, 10-க்குள் நிறுத்துங்கள். லிங்க் செய்ய வேண்டிய வேலையை டேக்கிடம் ஒப்படைத்தால், 300 குறிப்புகள் ஒரே டேக்கின் கீழ் குவியும்.

படி 3: இலக்கை மணிக்கணக்கில் எடைபோடுவது

ஒரே சமயத்தில் இலக்குகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் நான்கு வரி: என்ன நிலை, எந்தத் தேதி, எதைப் பார்த்து முடிந்தது என்று சொல்வோம், இதற்காக எதை விடுகிறோம். கடைசி வரியைப் பலரும் தவிர்ப்பார்கள். நேரம் எங்கிருந்தோ முளைத்து வராது. எதிலிருந்தாவது எடுத்தாக வேண்டும். அதைப் பெயர் சொல்லி எழுதாவிட்டால், தூக்கத்திலிருந்து எடுப்பீர்கள்.

உங்கள் கையில் உள்ளதை இலக்காக வையுங்கள். '1,000 பேர் படிக்க வேண்டும்' என்பது படிப்பவர்கள் கையில். '40 பக்கம், 12 படம், ஆகஸ்ட் 31-க்குள் வெளியீடு' என்பது உங்கள் கையில்.

இப்போது கணக்கு. மார்ச் 1-ல் தொடங்கினால் 26 வாரம். வாரம் 6 மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் மொத்தம் 156 மணி. பக்கத்துக்கு 3 மணி வீதம் 40 பக்கத்துக்கு 120; படத்துக்கு ஒன்றரை மணி வீதம் 12 படத்துக்கு 18; திருத்தத்துக்கு 20. கூட்டினால் 158. பார்க்க ஏறக்குறையச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இதே மாதிரி வேலைக்கு முன்பு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரிந்தும் மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சுட்டிக்காட்டிய பிழை இது. முன் அனுபவக் கணக்கு கையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒன்றரையால் பெருக்குங்கள். 158 மணி 237 ஆகிறது. அதாவது ஏறத்தாழ 40 வாரம். ஆகஸ்ட் நடக்காது.

தேதியைத் தள்ளலாம், வார நேரத்தைக் கூட்டலாம், அளவைக் குறைக்கலாம். மூன்றில் கடைசியைத்தான் முதலில் பரிந்துரைப்போம். 25 பக்கம், 8 படம், திருத்தத்துக்கு 13 மணி: 75, 12, 13 சேர்ந்து 100. ஒன்றரையால் பெருக்கினால் 150. கையில் 156. இப்போது இது நடக்கக்கூடிய இலக்கு. இந்த அரை மணி நேரக் கணக்கைப் போடாததால் செத்த இலக்குகள் ஏராளம்.

படி 4: ப்ராஜெக்ட் பக்கம்

25 பக்கத்தை 5 அத்தியாயமாகப் பிரித்தால், ஓர் அத்தியாயத்துக்கு 30 மணி, அதாவது 5 வாரம். அதுதான் ப்ராஜெக்ட்டின் அளவு. ஒவ்வொன்றுக்கும் குட்டிக் குறியீடு: மின்1, மின்2. காகிதமோ ஆப்போ, இந்தக் குறியீடு எங்கு தென்பட்டாலும் எந்த இலக்கைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். காகிதத்தில் லிங்க் போட முடியாத குறையை இது தீர்க்கிறது.

> மின்2: ஜன்னல் வெளிச்சம்
> முடிந்தது என்றால்: 5 பக்கம், 2 படம், ஒருவர் படித்துச் சந்தேகம் கேட்டு, அதற்கேற்பத் திருத்திய நிலை
> இலக்கு: மின்னூல், ஆகஸ்ட் 31
> குறிப்புகள்: பரப்பும் நிழலும், பக்கவாட்டு வெளிச்சம், எதிரொளிக்கும் வெள்ளைச் சுவர்
> அடுத்த வேலை: சனி காலை 9, திரைச்சீலையோடும் இல்லாமலும் இரண்டு படம்
> காத்திருப்பது: முதல் பகுதி பற்றி நண்பரின் கருத்து (மார்ச் 12-ல் அனுப்பியது)
> பதிவு: மார்ச் 15, 1.5 மணி. 2-ம் பக்கம் முடிந்தது. நிறுத்திய இடம்: தூர அளவைச் சொல்லும் பத்தி. அடுத்து உதாரணம் வேண்டும்.

'அடுத்த வேலை' ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்; எந்நேரமும் இருக்க வேண்டும். மொத்த வேலைகளையும் முன்கூட்டியே எழுதித் தள்ளினால், இரண்டாவது வாரத்தில் நிலைமை மாறி அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும்.

ஓடும் ப்ராஜெக்ட்கள் அலுவலகம், வீடு எல்லாம் சேர்த்து ஐந்துக்கு மேல் போக விடாதீர்கள். இதற்குப் பின்னால் உறுதியான கணக்கு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதிப்படி, ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற ஆகும் சராசரிக் காலம், உள்ளே இருக்கும் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தது. மாதம் 2 ப்ராஜெக்ட் முடிப்பவர் 4-ஐக் கையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 2 மாதம். அவரே 10-ஐ இழுத்துப் போட்டுக்கொண்டால் 5 மாதம். கூடுதலாக உழைத்தது எதுவுமில்லை, தாமதம் மட்டும் கூடியது. மிச்சமுள்ளவை 'பிறகு' பட்டியலில் காத்திருக்கட்டும். ஒன்று முடிந்தால்தான் ஒன்று உள்ளே.

படி 5: ஒரு நாள்

முந்தைய இரவிலோ காலையிலோ 10 நிமிடம். முதலில் காலண்டரைப் பார்த்து, உண்மையில் எத்தனை மணி நேரம் காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் திடீர் வேலைகளுக்கு விட்டுவிடுங்கள். மீதிக்குள் அடங்கும்படி மூன்று வேலைகளை எடுங்கள். மூன்றில் ஒன்றாவது இலக்குக் குறியீடு உள்ளதாக இருக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் காலண்டரில் நேரம் குறித்துப் போடுங்கள். சில்லறை வேலைகள், பில் கட்டுவது, போன் செய்வது போன்றவை தனி வரிசையில் இருக்கட்டும். அவற்றுக்கு ஒரே மூச்சில் 30 நிமிடம்.

வேலையை எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி. 'அத்தியாயம் 2' என்று எழுதினால் கை நகராது. 'காலைக் காபி முடிந்ததும், மேஜையில் உட்கார்ந்து, தூர அளவு பற்றிய பத்திக்கு ஓர் உதாரணம் எழுதுவது, 45 நிமிடம், மின்2' என்று எழுதினால் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-ல் விரிவாக எழுதியிருக்கிறார்.

முடிக்கும்போது இரண்டு நிமிடம் ஒதுக்கி, ப்ராஜெக்ட் பக்கத்தில் நிறுத்திய இடத்தையும் அடுத்த அடியையும் எழுதுங்கள். பாதியில் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். எழுதி மூடிவிட்டால் அந்த ஒட்டல் தளர்கிறது. மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடும் கால் மணி நேரமும் மிச்சம்.

படி 6: வாரம் ஒருமுறை 45 நிமிடம்

மற்ற எல்லாம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். இது இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் அறுந்துவிடும். ஒரே கிழமை, ஒரே நேரம். வரிசையும் மாறக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தகவல் தருகிறது.

1. இன்பாக்ஸைக் காலி செய்யுங்கள் (10 நிமிடம்).
2. காலண்டரில் கடந்த 7 நாளையும் வரும் 14 நாளையும் பாருங்கள் (5 நிமிடம்). கடந்ததில் விட்டுப்போன வாக்குறுதிகள் தென்படும், வருவதில் தயாரிப்பு தேவைப்படுபவை தென்படும்.
3. ஒவ்வொரு ப்ராஜெக்ட் பக்கத்தையும் திறந்து, 'அடுத்த வேலை' இன்னும் சரிதானா, காத்திருப்பதை நினைவூட்ட வேண்டுமா என்று பாருங்கள் (15 நிமிடம்).
4. பதிவுகளிலிருந்து ஒவ்வொரு இலக்குக்கும் இந்த வாரம் எத்தனை மணி நேரம் போனது என்று கூட்டி, இலக்குப் பக்கத்தில் ஒரு எண்ணாக எழுதுங்கள் (5 நிமிடம்).
5. பதிவுகளில் கற்றுக்கொண்ட ஏதாவது இருந்தால் அதைக் குறிப்பாக்குங்கள். 'இப்போதைக்கு இல்லை' என்று எழுதிய பழைய குறிப்புகளில் மூன்றை எடுத்து, இப்போது இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள் (10 நிமிடம்).

நான்காவதில் எழுதும் எண் இரக்கமில்லாதது. 6 மணி என்று சொன்ன இலக்குக்கு 5, 6, 4 என்று வந்தால் நல்லது. 0, 1, 0 என்று மூன்று வாரம் வந்தால் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை. கைவிடுவது, குறிப்பிட்ட தேதிக்குத் தள்ளிவைப்பது, அடுத்த வேலையை 15 நிமிட அளவுக்குச் சுருக்குவது: மூன்றில் ஒன்றை அப்போதே முடிவெடுங்கள். கைவிடுவதும் முழுத் தகுதியுள்ள முடிவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே 90 நிமிடமாக நீட்டி, மணிக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். அப்போது கையில் ஊகம் இருக்காது. உண்மையில் ஒரு பக்கத்துக்கு எத்தனை மணி பிடித்தது என்ற கணக்கு இருக்கும்.

எங்கே கெடும், ஏன்

ஒரு வேலை மூன்று நாள் தொடர்ந்து மறுநாளைக்குத் தள்ளப்பட்டால் நான்காம் நாள் தள்ளாதீர்கள். ஒன்று, அது வேலை இல்லை, ப்ராஜெக்ட், உடைக்க வேண்டும். அல்லது ஏதோ ஒரு தகவல் குறைகிறது. அந்தத் தகவலைக் கேட்பதுதான் உண்மையான அடுத்த வேலை. இரண்டும் இல்லையென்றால், உங்களுக்கு அதைச் செய்ய விருப்பமில்லை. அதை ஒப்புக்கொண்டால் அடித்துவிடலாம், வேறொருவரிடம் கொடுக்கலாம்.

காலண்டரில் ஆசைகளைப் போடாதீர்கள். உண்மையில் அந்த நேரத்தில் நடந்தே தீர வேண்டியவை மட்டும் அங்கே. பொய்க் கெடுக்களை நாலு தடவை தாண்டிவிட்டால், உண்மையான கெடுவும் கண்ணுக்கு உறைக்காது.

ஆப் மாற்றும் ஆசை பெரும்பாலும் கடினமான வேலையின் வாசலில்தான் வரும். இருப்பதில் எது முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் கருவியில் குறை இல்லை.

இரண்டு, மூன்று வாரம் எல்லாம் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். உடல்நலம், பயணம், வீட்டில் விசேஷம். அப்போது பாக்கியை முழுவதும் தீர்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று உட்காராதீர்கள். அதிலேயே மறுபடி அலுத்துப்போகும். இன்பாக்ஸில் இருப்பதை அப்படியே 'பழையது', தேதி என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, ப்ராஜெக்ட் பக்கங்களில் அடுத்த வேலையை மட்டும் சரிபார்த்து, அன்றைய மூன்று வேலைகளோடு தொடங்குங்கள். முக்கியமானது தானாக மறுபடி வந்து கதவைத் தட்டும்.

அலுவலக ஆவணங்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் சொந்த ஆப்பில் வைக்காதீர்கள். ப்ராஜெக்ட் பக்கத்தில் 'அலுவலகக் கணினியில் உள்ளது' என்று ஒரு வரி போதும். ஆனால் அன்றாடப் பட்டியல் ஒன்றே இருக்கட்டும். ஒரு நாளில் இருப்பது ஒரே 24 மணி நேரம்தான்.

குறிப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். காகித அட்டைகளானால் மாதம் ஒருமுறை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் தொடங்குவது

ஆறு படிகளையும் ஒரே வார இறுதியில் கட்டி எழுப்பினால் பார்க்க அழகாக இருக்கும், பயன்படாது. முதல் வாரம் இன்பாக்ஸும் அன்றாட மூன்று வேலைகளும் மட்டும். வார இறுதியில் 15 நிமிடப் பரிசீலனை. இரண்டாம் வாரம், பட்டியலில் நகராமல் கிடக்கும் வரிகளை எடுத்து ப்ராஜெக்ட் பக்கங்களாக்கி, குறியீடு கொடுங்கள். மூன்றாம் வாரம் இலக்குகளும் மணிக் கணக்கும். ப்ராஜெக்ட்களுக்குப் பிறகு இலக்கா என்று கேட்கலாம். ஏற்கெனவே எதற்கெல்லாம் நேரம் போகிறது என்று தெரியாமல் இலக்கு எழுதினால் அது கற்பனையாகத்தான் இருக்கும். நான்காம் வாரம் குறிப்புகளும் லிங்க்குகளும், முழு 45 நிமிடப் பரிசீலனையும்.

பழைய நோட்டுகளிலும் பழைய ஆப்களிலும் இருக்கும் நூற்றுக்கணக்கான குறிப்புகளை மொத்தமாகப் புதிய இடத்துக்கு மாற்ற உட்காராதீர்கள். அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஏதாவது தேவைப்பட்டுத் தேடும்போது, அகப்படும் அந்த ஒன்றை மட்டும் எடுத்து, வாக்கியத் தலைப்பு வைத்து, சொந்த வார்த்தையில் திருப்பி எழுதி, 'பயன்படும் இடம்' நிரப்பி உள்ளே கொண்டுவாருங்கள்.